ரத்தமா, கன்ட்ரோல் திரவமா: குளுக்கோமீட்டரின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் ஸ்ட்ரிப்பில் இரண்டு வகைத் துளிகள் விழும். ஒன்று விரல்நுனி ரத்தம். மற்றது, கருவியும் ஸ்ட்ரிப்பும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க விடும் கன்ட்ரோல் திரவம். அதில் குளுக்கோஸின் அளவு முன்பே தெரிந்தது. கருவி காட்ட வேண்டிய வரம்பு பெரும்பாலும் ஸ்ட்ரிப் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும்.

இவ்விரண்டையும் பிரிக்காவிட்டால் கேடு இரண்டு. முதலாவது, நினைவகத்தில் கலப்படம். ரத்தத்தில் ஒன்பது முறையும் 180 காட்டிய ஒருவரின் கணக்கில் 110 என்ற கன்ட்ரோல் அளவு ஒன்று புகுந்தால் சராசரி 173 ஆகிவிடும். மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவருக்கு அது பொய்க்கணக்கு. இரண்டாவது, வெப்பத் திருத்தம். ஸ்ட்ரிப்பில் நடக்கும் என்சைம் வினையின் வேகம் வெப்பநிலையோடு மாறும். அதைக் கருவி ஈடுகட்டுகிறது. ரத்தத்துக்கென வகுத்த திருத்தம் சிவப்பணுவே இல்லாத திரவத்துக்குப் பொருந்தாது.

பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பொத்தானை அழுத்தி ‘இது கன்ட்ரோல்’ என்று நாமே குறிப்பது ஒன்று. விட்ட துளி எதுவென்று விட்டவருக்குத் தெரியும் என்பது இதன் வலு. பார்வை மங்கிய முதியவர் குறிக்க மறந்துவிடுவார் என்பது இதன் குறை.

கருவியே கண்டுபிடிப்பது மற்றொரு வழி. சிவப்பணுக்கள் மின்னோட்டத்துக்குத் தடையாகின்றன, குளுக்கோஸின் பரவலையும் மெதுவாக்குகின்றன. அதனால் மின்தடையும், நேரத்தோடு மின்னோட்டம் இறங்கும் விதமும் இரு திரவங்களுக்கும் வேறுபடும். எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் பொருளைக் கன்ட்ரோல் திரவத்தில் சேர்த்து, தொடக்கத்திலேயே தனி மின்குறியை எழுப்பும் உத்தியும் உண்டு. மறதிக்கு இங்கே இடமில்லை. அந்த வகையில் இது மேலானது.

ஆனால் சிவப்பணுவின் தடையை மட்டும் நம்பிப் பிரித்தால், சிவப்பணுக்கள் குறைந்த ரத்தசோகை உள்ளவரிடம் அந்த வேறுபாடு சுருங்கிவிடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. தனி மின்குறி எழுப்பும் முறைக்கு இந்தப் பலவீனம் குறைவு. ஆகவே அதுவே உறுதியானது.

இரண்டு பிழைகளும் சம எடை உடையவையும் அல்ல. கன்ட்ரோலை ரத்தமாக எண்ணினால் சராசரி சற்றுத் திரியும். ரத்தத்தைக் கன்ட்ரோலாக எண்ணினாலோ, 50 மி.கி./டெ.லி. என்ற ஆபத்தான தாழ்வே மருத்துவர் பார்க்கும் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகலாம்.

கன்ட்ரோல் சோதனையில் தேறுவது மட்டுமே முழுச் சான்றும் ஆகாது. ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற என்சைம் கொண்ட ஸ்ட்ரிப்புகள் மால்டோஸ் போன்ற வேறு சர்க்கரைகளையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டதோடு தொடர்புடைய 13 மரணங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் அறிவித்தது. மால்டோஸ் இல்லாத கன்ட்ரோல் திரவம் அந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்காது.

எனவே என் தீர்ப்பு: தானாகக் கண்டறியும் வசதி அவசியம், ஆனால் இறுதிச் சொல் பயனாளருடையதாக இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் கருவி அந்தத் துளியை ரத்தமாகவே பதிந்து, திரையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். எந்த ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவு வரை இந்தப் பிரிப்பு நம்பத்தக்கது என்பதைத் தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.