நிலைபேறு யாருக்கு?
குமரப்பாவின் கிராமத் திட்டம் குறித்து ஒரு திறனாய்வு

கிராம முன்னேற்றப் பணியில் ஈடுபடாத திருச்சபை நம்மிடையே அரிது. கிணறு வெட்டுகிறோம், கறவை மாடு வழங்குகிறோம், தையற்பயிற்சி நடத்துகிறோம். ஆயினும் இப்பணிகளுக்கு அடிப்படையான பொருளாதாரச் சிந்தனை யாது என வினவினால், போதகருள் பலர் விடை கூறத் தயங்குவர். இத்தயக்கம் நீங்க நாம் கற்கவேண்டிய நூல் ஒன்று உண்டு. தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய ‘எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ என்னும் ஆங்கில நூலே அது. ‘நிலைபேற்றுப் பொருளாதாரம்’ எனத் தமிழில் கூறலாம். இதற்குக் காந்தியடிகள் 1945-இல் முன்னுரை வழங்கினார். நீடித்த வளர்ச்சி என்னும் கருத்தைப் புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை உலகறியச் செய்தது 1987-இல்தான் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இயற்கையின் செல்வத்தை ஆசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைவன. ஆற்றுநீரும் காடும் முறையாகப் பயன்படுத்தினால் மீண்டும் மீண்டும் கிடைப்பன. முன்னதன்மேல் கட்டப்படும் வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இடமளிக்கும். பின்னதன்மேல் அமையும் வாழ்வே நிலைக்கும் என்பது அவர் துணிபு. பொருளாதார வாழ்வையும் அவர் ஐந்து படிகளாக வகுக்கிறார். பிற உயிரைக் கொன்று உண்ணும் புலி கடைப்படியில் நிற்கிறது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு உழைக்கும் தாய்ப்பறவை உயர்ந்த படியில் நிற்கிறது. சிலுவையின் அன்பைப் போதிக்கும் நமக்கு இவ்வைந்தாம் படி அந்நியமானதன்று.

இப்பகுப்பின் உண்மையை நாம் காலந்தாழ்ந்தே உணர்ந்தோம். முன்னர் நாம் ஊழியம் செய்த சேகரம் ஒன்றில், ஆழ்துளைக் கிணறுகள் அமைக்க உதவித்தொகை கிடைத்தது. திட்டம் வகுத்த குழுவில் நாமும் அமர்ந்திருந்தோம். இரண்டு ஆண்டுகள் வாழை செழித்தது; ஸ்தோத்திர ஆராதனையும் நடத்தினோம். நான்காம் ஆண்டு, குளம் நிறைந்தால் ஊறிவந்த பொதுக்கிணறு வற்றிற்று. நிலமற்ற குடும்பத்துப் பெண்கள் குடத்துடன் நெடுந்தூரம் நடந்தனர். ஆண்டுதோறும் ஊறும் நீரை விட்டு, நெடுங்காலம் சேர்ந்த நீரைச் செலவிட்டோம். குமரப்பாவைக் கற்றிருந்தால் இப்பிழை நேர்ந்திராது என்றே முதலில் எண்ணினோம்.

ஆனால் நூலின் பிற்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்கையில் வேறோர் ஐயம் எழுகிறது. அங்கு ஆசிரியர், ஓர் இலட்சம் மக்களுக்குத் தேவையான தானியம், பருப்பு, காய்கறி, பருத்தி ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய நிலப்பரப்பை வரையறுக்கிறார். இன்ன நிலத்தில் இன்ன பயிர் என உரிமம் வழங்கவும் கூறுகிறார். வயிற்றிலிருந்து தொடங்கும் இத்திட்டம் போற்றத்தக்கதே. எனினும் அந்நிலம் யாருடையது? உரிமம் வழங்கும் கை யாருடையது? ஊரும் சேரியும் எனப் பிளவுண்ட கிராமத்தை ஒரே உடலாகக் கருதித் திட்டமிட்டால், நிலைபெறுவது நீதியா, பழைய ஏற்றத்தாழ்வா? அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகக் கண்டித்தது இவ்வினாவை உட்கொண்டதே.

குமரப்பா இதனை அறியாதவர் என்று கூறுவது நேர்மையாகாது. அவர் தலைமையில் அமைந்த காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு, இடைத்தரகரை நீக்கி உழுபவனுக்கு நிலம் சேரவேண்டும் என 1949-இல் பரிந்துரைத்தது. ஆகவே சிறைநூலையும் அவ்வறிக்கையையும் சேர்த்தே கற்க வேண்டும். முன்னதை மட்டும் ஏந்துவோர் மண்ணைக் காப்பர். மண்ணில் உழைப்பவரை மறப்பர்.

நெகேமியாவின் புத்தகம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அலங்கத்தின் ஒவ்வொரு பகுதியும் இன்னார்க்கு எனச் செம்மையாகப் பங்கிடப்படுகிறது. ஐந்தாம் அதிகாரத்திலோ, வயலையும் வீட்டையும் அடகுவைத்து, பிள்ளைகளையும் அடிமைப்படுத்திய ஏழைகளின் கூக்குரல் எழுகிறது. அதனை இடையூறு என நெகேமியா தள்ளவில்லை. கடன் கொடுத்தோரில் தானும் ஒருவன் என ஒப்புக்கொண்டு, நிலங்களைத் திரும்பக் கொடுக்கச் செய்கிறான். திட்டமிட்டவனே முதலில் மனந்திரும்புகிறான்.

நமது குழுவில் நிலமுடையோர் இருந்தனர். நீர் சுமப்போர் ஒருவரும் இல்லை. நம் பிழை நிலத்தடி நீரைக் குறித்த அறியாமை மட்டுமன்று என்பதை இப்பொழுது அறிக்கையிடுகிறோம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சியின் ஒவ்வொரு வாக்காளரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியிருக்கிறது. அங்கே பேசத் துணியாதவர் பேசுவதற்குத் துணை நிற்பதே போதகரின் முதற்பணி. திட்டத்தாளில் கையொப்பமிடுமுன், ஆலயத்தின் பின்வரிசையில் தரையில் அமர்பவரிடம் நாம் கேட்டோமா? மாணவர் இவ்வினாவோடு குமரப்பாவைக் கற்பாராக.