ஆணியின் மூக்கு

உங்கள் வீட்டில் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. பரண், செருப்பு ஸ்டாண்ட், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று அரைமணி நேரம் தேடி, கடைசியில் பூஜை அலமாரிக்குக் கீழே கிடைத்தது. போன ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது. வருஷத்தில் ஒருநாள் கும்பிடுகிறோம். மிச்ச 364 நாளும் தொடுவதில்லை. கைத்தொழிலுக்கு நம் வீடுகளில் இருக்கிற மரியாதையின் அளவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

சுத்தியலைத் தேட வைத்தது ஒரு புத்தகம். ஆர்க்கிடெக்சர் படிக்கும் நண்பரின் மகள், ‘படிச்சுட்டு பத்திரமா திருப்பித் தந்துடணும் அங்கிள்’ என்று மிரட்டிக் கொடுத்தது. மெல்லிசான புத்தகம். உள்ளே கதை கிடையாது, பக்கம் பக்கமாக மரப்பலகைப் படங்கள். எந்தப் பலகை எத்தனை நீளம், எதை எதோடு சேர்த்து ஆணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதியவர் என்ஸோ மாரி. பெயர் ‘ஆட்டோபுரொஜெத்தாத்சியோனே’. வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம். ‘உனக்கு வேண்டியதை நீயே யோசித்துச் செய்’ என்று தோராயமாக அர்த்தம்.

மாரி 1932ல் பிறந்த இத்தாலிக்காரர். மிலான் நகரத்தின் பெரிய டிசைனர்களில் ஒருவர். ஒரே ஓக் பலகையில் ஒரே தொடர்ச்சியான அறுப்பில் 16 மிருகங்கள் பிரிந்து வருகிற மாதிரி 1957ல் ஒரு குழந்தைப் புதிர் செய்தவர். கம்பெனிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தே சம்பாதித்தவர், கம்பெனிகளைத் திட்டியும் தீர்த்தார். பொதுவுடைமைக்காரர். கோபக்காரர்.

அந்தக் கோபத்தில்தான் 1974ல் அந்தக் காரியத்தைச் செய்தார். மேஜை, நாற்காலி, பெஞ்ச், கட்டில், புத்தக அலமாரி என்று 19 டிசைன்கள். எல்லாமே சாதாரண பைன் பலகை, ஆணி, சுத்தியல். தபால் தலை அனுப்பினால் வரைபடம் இலவசம். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர. செய்து முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடிதங்கள் குவிந்தன.

இதைப் படித்ததும் பி.காம். மூளை என்ன கணக்குப் போடும்? ‘அட, நாற்காலி செலவு மிச்சம்!’ அதேதான் நானும் போட்டேன். ஒரு மர டிப்போவில், பெட்டிகள் பிரித்துப் போட்ட பைன் பலகைகள் கிடைத்தன. மூன்று சனி, ஞாயிறு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து ‘இன்னும் எவ்வளவு நாள் சார்?’ என்று பவ்யமாக விசாரித்துவிட்டுப் போனார்.

நாற்காலியின் காஸ்ட் ஷீட் இதோ. மரம் 1,400 ரூபாய். ஆணி, உப்புத்தாள், பசை 260. ரம்பம், மூலைமட்டம் 1,150. ஆக 2,810. என் உழைப்பு 26 மணி நேரம். எங்கள் பக்கம் தச்சருக்குக் கொடுக்கும் நாள்கூலி 1,200 என்று வைத்தால், எட்டு மணிக் கணக்கில் இன்னொரு 3,900. மொத்தம் 6,710 ரூபாய். கடையில் இதைவிட வழுவழுப்பான நாற்காலி 1,500க்குக் கிடைக்கிறது. காலேஜில் இப்படி ஒரு கணக்கை எழுதியிருந்தால், ‘இந்தத் தொழிலை மூடிவிடுவது உத்தமம்’ என்று பரிந்துரைத்திருப்பேன்.

இங்கேதான் புத்தகத்தை நாம் தப்பாகப் படிக்கிறோம். மாரி காசு மிச்சம் பிடிக்க வழி சொல்லவில்லை. கிராமத்து வீட்டுக்கு ஏற்ற முரட்டு ஸ்டைல் என்று ரசிக்கவும் சொல்லவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகவே தன்னைப் புரிந்துகொண்டன என்று அவரே பிற்பாடு அலுத்துக்கொண்டார். அவர் சொல்ல வந்தது வேறு. ஒரு மேஜையைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவன், அதற்கப்புறம் கடை மேஜையை வேறு கண்ணால் பார்ப்பான். நாற்காலி அதற்கு ஒரு சாக்கு.

உண்மையா என்று சோதித்துவிடலாமே என்று ஒரு ஃபர்னிச்சர் ஷோரூமுக்குப் போனேன். குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் படுத்தே ஒரு டைனிங் டேபிளின் அடிவயிற்றைப் பார்த்தேன். ‘சார், ஏதாவது விழுந்துடுச்சா?’ என்றார் சேல்ஸ்மேன். ‘இல்லைங்க, மூட்டு எப்படிப் போட்டிருக்காங்கன்னு...’ என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. மேலே தேக்கு மாதிரி ரேகை ஓடும் தாள். உள்ளே மரத்துகளையும் பசையையும் கலந்து அழுத்திய பலகை. தண்ணீர் புகுந்தால் ஊதிக்கொள்ளும், ஒருமுறை திருகைக் கழற்றிவிட்டால் மறுபடி அதே இடத்தில் பழைய பிடி கிடைக்காது. 40 வருஷமாக மேஜைகளில் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றின் அடியையாவது அன்றுவரை பார்த்ததில்லை. மாரிக்கு அந்த ஒரு விஷயத்தில் முழு மார்க்.

இன்னொரு விஷயத்திலும் மார்க் உண்டு. நான்கு பலகையைச் சதுரமாக ஆணி அடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கோணிக்கொண்டு சாயும். ஒற்றை ஆணி கீல் மாதிரிதான். குறுக்கே ஒரு பலகையை மூலைவாட்டில் அடியுங்கள். அசையாது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் நீளம் மாறாதவரை அதன் வடிவமும் மாறாது. மாரியின் மேஜைகளுக்கு அடியில் சாய்வாக ஓடும் பலகைகள் அழகுக்கு இல்லை, இதற்குத்தான். எட்டாங்கிளாஸில் ஜாமெட்ரி வாத்தியார் பிரம்பால் புரியவைக்க முயன்றதை, இவர் 50 வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தில் புரியவைத்துவிட்டார்.

பாராட்டு போதும். புத்தகத்தோடு எனக்குச் சண்டையும் இருக்கிறது.

முதல் நாளே என் பலகைகள் ஓரத்தில் விரிசல் விட்டன. ஆணி இறங்க இறங்க, ‘டக்’கென்று ஒரு சத்தம். மூன்று பலகை பாழ். தெருமுனையில், பாதி கட்டி நிற்கும் வீட்டில் கதவு இழைத்துக்கொண்டிருந்த தச்சரிடம் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். அறுபது வயசு இருக்கும். என் பலகையை வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

‘ஆணி மூக்கு கூரா இருக்குல்ல சார்? அது ரேகைய ரெண்டாப் பொளந்துகிட்டுப் போகும். மூக்கை ஒரு தட்டு தட்டி மழுக்கிட்டு அடிங்க. பொளக்காது, நசுக்கிகிட்டு உள்ள போகும்.’

தரையில் இருந்த கல்லின்மேல் ஆணியைத் தலைகீழாக நிறுத்தி, நுனியில் லேசாக ஒரு தட்டு. அப்புறம் அடித்தார். பலகை பிளக்கவில்லை. ‘ரெண்டு ஆணியை ஒரே ரேகையில அடிக்காதீங்க. ஓரத்துலேர்ந்து நாலு நூலாவது உள்ள தள்ளிக்குங்க’ என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் டேப்பை எடுக்கவே இல்லை.

அந்த ஒரு தட்டு எந்த வரைபடத்திலிருந்தும் கைக்கு வராது. மாரியை நான் குறை சொல்வது இங்கேதான். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்வதற்காக அவர் மரவேலையிலிருந்து மூட்டு வேலை முழுவதையும் கழற்றி வீசிவிட்டார். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்குப் பொருத்தமான நாக்கு, ஆணியே இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது என்பதெல்லாம் கிடையாது. கதவு திறந்ததும் எல்லோரும் உள்ளே வரலாம், சரி. ஆனால், உள்ளே ஏற்கெனவே நூற்றாண்டுக் கணக்காக உட்கார்ந்திருந்த தச்சர் எங்கே போனார்? புத்தகத்தில் தொழிற்சாலை வில்லன், நீங்களும் நானும் ஹீரோ. தச்சருக்கு வேஷமே இல்லை.

தொழிற்சாலைகள் நிறைந்த 1974ன் மிலானுக்கு அது பொருந்தியிருக்கலாம். நம் தெருவில் ரெடிமேட் மேஜைக்கு மாற்று, சுத்தியலும் கையுமாக நிற்கிற நான் இல்லை. அந்தத் தச்சர்தான். அவர் செய்த கட்டிலின் இடத்தில்தான் தாள் ஒட்டிய பலகை வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவரும் உண்டு. ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி. 1930களின் பின்பாதியில் பாண்டிச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டடத்தை முன்னின்று கட்டியவர். அதற்குத் தேக்கு மர நாற்காலி, கட்டில்களும் வடிவமைத்தார். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலிக்குள் அடைத்தபோது, 1942ல் இடாஹோ மாகாணத்து முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். அதற்குள் நகாஷிமா கட்டடக்கலையில் பட்டம் பெற்று, மூன்று நாடுகளில் வேலை பார்த்திருந்தார். அப்படிப்பட்டவர் அந்தத் தச்சரிடம் சீடனாக உட்கார்ந்து கற்றார். தன் குருவின் பெயரை அவர் மறக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு எனக்கும் தெரிகிறது, இப்போது உங்களுக்கும்.

மாரியின் கதை முரணாக முடிந்தது. வியாபாரிகள் தொடக்கூடாது என்று சொன்ன நாற்காலியை, 2010ல் ஆர்டெக் என்ற பின்லாந்து கம்பெனி அவர் சம்மதத்தோடே பலகை, ஆணியாகப் பெட்டியில் போட்டு விற்றது. அடித்துக்கொள்வது மட்டும் நம் வேலை. அதேசமயம், ஆப்பிரிக்காவிலிருந்து பெர்லினுக்கு வந்து சேர்ந்த அகதி இளைஞர்கள் இந்த டிசைன்களைச் செய்து விற்றுப் பிழைக்கவும் அவரே அனுமதி கொடுத்தார். 2020 அக்டோபரில் இறந்துபோனார். தன் ஆவணங்களையெல்லாம் மிலான் நகரத்துக்கே எழுதிக்கொடுத்து, 40 வருஷத்துக்கு யாரும் திறக்கக்கூடாது என்று ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போனார். தபால் தலைக்கு எல்லாவற்றையும் கொடுத்த அதே மனிதர்! கோபம் கடைசிவரை தீரவில்லை போலிருக்கிறது.

நாற்காலி என் வீட்டில் இருக்கிறது. இடதுபக்கம் லேசாக ஆடும். யாரையும் உட்கார விடாமல், ‘நான் செஞ்சது’ என்று காட்ட மட்டும் செய்கிறேன் என்பது மனைவியின் புகார். இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. நார்ட்டன், மோச்சன், ஏரியலி என்ற மூன்று பேராசிரியர்கள் 2012ல் வெளியிட்ட கட்டுரை. தானே பூட்டிய சாதாரணப் பெட்டிக்கு மனிதன் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். தன் உழைப்பு என்றால் நமக்கு விலை உடனே தெரிந்துவிடுகிறது. அடுத்தவர் உழைப்பு என்றால்?

போன மாதம் கும்பகோணம் போயிருந்தபோது, நான் சின்ன வயசில் படுத்த கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு நுழைந்தேன். 1990ல் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒருவர் செய்து கொடுத்தது. ஓர் ஆணி இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று பென்சில் கோடுகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. முப்பத்தைந்து வருஷமாகியும் ஒரு மயிரிழை விலகவில்லை. ஒன்பது நாள் வேலை செய்தார். கடைசி நாள் கூலியில், ‘டிசைன் கொஞ்சம் கோணல்’ என்று சொல்லி அப்பா ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். ‘அப்பா எப்படிப் பேசி முடிச்சார் பாத்தியா!’ என்று எனக்கு அன்று பெருமை வேறு.

டார்ச்சை நாலு காலுக்கும் திருப்பிப் பார்த்தேன். கோணல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

‘அம்மா, இந்தக் கட்டில் செஞ்சாரே, அவர் பேர் என்ன?’

அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே யோசித்தாள். ‘பேரா? ஆசாரின்னுதான்டா கூப்பிடுவோம். பேரு யாருக்குத் தெரியும்?’

ஐம்பது ரூபாயை இப்போது கொடுக்கலாம், வட்டியோடு. எந்தப் பெயரில் பற்று எழுதுவது? மூன்று வருஷம் கணக்குப் பதிவியல் படித்தவனுக்குப் பதில் தெரியவில்லை.

மாரியின் புத்தகம் கிடைத்தால் படியுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஸ்டூலாவது செய்து பாருங்கள். முதல் பலகை கட்டாயம் பிளக்கும். அப்போது உங்கள் தெருத் தச்சரிடம் போய்க் கேளுங்கள். ஆணியின் மூக்கைப் பற்றி அப்புறம் கேட்கலாம். முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். நானும் கேட்டேன். ஒரு நிமிஷம் இழைப்புளியை நிறுத்திவிட்டு, ‘எதுக்கு சார்?’ என்றார். சொல்லவும் சொன்னார். ‘பத்திரிகையில எல்லாம் போட்டுடாதீங்க’ என்றதால் இங்கே போடவில்லை. என் போனில் ‘கார்ப்பென்டர்’ என்று இருந்ததை மட்டும் மாற்றிவிட்டேன்.