படுகளத்தில் கிடப்பவன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைப் பற்றிய கவிதைகள் சில இந்த ஆண்டு என் கைக்கு வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆலை ஓர் அரக்கன். உலை அவன் வாய், புகைபோக்கி அவன் மூக்கு, தொழிலாளி இரை. இந்தப் படிமத்தை நானும் ஒரு காலத்தில் உபயோகித்தவன்தான். எனவே இதைக் குற்றப் பத்திரிகையாகக் கொள்ள வேண்டாம்.

இந்த அரக்கனுக்கு உருவம் இருக்கிறது, உடம்பு இல்லை என்பதுதான் என் சங்கடம்.

அதே மாவட்டத்தில், திருவள்ளூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்தேன். பாரதக் கூத்து பல இரவுகள் நடந்து முடிந்த காலை. கோவிலுக்கு எதிரே திடலில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். ஊர் மண்ணைக் குழைத்துச் செய்த உடல், முப்பதடிக்குக் குறையாது. மீசை, கிரீடம், உருட்டிய கண்கள். பாரதத்தில் துரியோதனன் ராட்சசன் அல்ல. ஆனால் அவன் மேலுடம்பு வஜ்ஜிரத்தாலும் கீழுடம்பு மலர்களாலும் ஆனது என்று வனபர்வத்தில் தானவர்கள் அவனிடம் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. தொடையில் குங்கும நீரைப் புதைத்து வைத்திருந்தார்கள். பீம வேஷக்காரர் கதையால் அடித்ததும் சிவப்பு பீறிட்டது. அதைத் தொட்டுத் திரௌபதிக்குக் கூந்தல் முடிந்தார்கள்.

என்னை அசைத்தது அதற்குப் பிறகு நடந்தது. பெண் வேஷக்காரர் ஒருவர் முறமும் துடைப்பமுமாக வந்து, செத்தவனுக்கு ஒப்பாரி வைத்தார். காலையிலிருந்து பீமனுக்காகக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் வாயடைத்து நின்றது. பிறகு ஆளுக்கொரு பிடி மண் அள்ளினார்கள். கிழவி ஒருத்தி முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கென்று கேட்டேன். “மாட்டுக் கொட்டாயில போட, சாமி,” என்றாள். மாலையில் தீமிதி.

எங்கே பார்த்தாலும் ராட்சசனுக்கு இப்படி ஏதாவது ஒன்று கிடைத்திருக்கிறது. ஹோமரின் ஒற்றைக்கண்ணன், கண் போன பிறகு தன் கிடாவைத் தடவி, எஜமானுக்காகத்தான் நீ பின்தங்கி வருகிறாயா என்று கேட்கிறான். வடநாட்டு நார்ஸ் கதையில் யிமிரின் சதை நிலமாகிறது, ரத்தம் கடலாகிறது. கம்பனின் கும்பகருணன், மூக்கறுந்த முகத்தை யாரும் பார்க்கக்கூடாதென்று, தலையைக் கடலில் போடும்படி ராமனிடமே கேட்கிறான். பத்தாயிரம் பாட்டில் அந்த ஒரு கூச்சம் போதும், அவன் எவ்வளவு பெரியவன் என்று தெரிய.

நம் கவிதைகளின் ஆலை அரக்கனுக்குத் தொடை எங்கே? அவனுக்கு யார் அழுவார்கள்? இக்கேள்விகளுக்குக் கவிஞரிடம் பதில் கிடையாது, ஏனெனில் அவர் புறநகர் ரயிலின் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். உள்ளே பழைய இரும்பு உருகிக் கம்பியாகிக்கொண்டிருக்கிறது. எரிந்த பஸ்ஸின் சட்டமும் யாரோ படுத்த கட்டிலும் அதில் இருக்கக்கூடும். உலையடியில் நிற்பவன் பீகாரியோ ஒடியாவோ. அவனை இரை என்று எழுதுவது இரக்கமல்ல, சோம்பல். பெரிய வார்த்தையைப் போட்டுவிட்டுச் சின்ன மனிதனைப் பார்க்காமல் தப்பிக்கிற வழி.

வந்தவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் அரக்கன் என்ற சொல் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் உலைக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் இருக்கிறது; ஊரில் விட்டு வந்த பாட்டியின் பெயராம் அது.