வல்லிசையும் வெகுளியும்: ‘ருத்ரா’ இசைக்குழுவை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

செந்தூல் என்றதும் கோலாலம்பூர்த் தமிழரின் நினைவில் எழுவது இரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அப்பட்டறையைச் சுற்றியே இவ்வட்டாரத்தின் தமிழ்க் குடியிருப்புகளும் கோயில்களும் வளர்ந்தன. பட்டறை இன்று அங்கு இயங்கவில்லை. ஆயினும் திருவிழாக் காலங்களில் அடுக்குமாடி வீடுகளின் கீழே உருமி மேளப் பயிற்சி ஓங்கி ஒலிப்பதைக் கேட்கிறோம். உரத்த ஒலியின்பால் இளையோர் கொண்டுள்ள ஈர்ப்பைக் கூச்சல் என ஒதுக்கிவிடுவது எளிது. அதன் பொருளை ஆராய்வது கடினம். கல்விப்புலத்தில் இருக்கும் நாம் பெரும்பாலும் எளியதையே செய்து வந்துள்ளோம்.

உரத்த ஒலியையே தன் இலக்கணமாகக் கொண்ட ஹெவி மெட்டல் இசையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் குழு ஒன்று நம் அண்டை நாடான சிங்கப்பூரில் உள்ளது. தமிழ் இளைஞர்கள் தோற்றுவித்த ‘ருத்ரா’ என்னும் அக்குழுவின் வரலாற்றையும் இசைப்பாங்கையும் தமிழ் இலக்கியக் கொள்கைகளின் துணையோடு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹெவி மெட்டல்: தோற்றமும் இலக்கணமும்

இவ்விசையும் ஒரு பட்டறை நகரத்தில் பிறந்ததே. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1968இல் உருவான ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி, தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். அவ்விரல்களுக்கு ஏற்பத் தந்திகளைத் தளர்த்தி அவர் வாசித்த முறை, இவ்விசைக்குத் தாழ்ந்த, கனத்த நாதத்தை வழங்கியது. உழைப்பாளியின் காயமே ஓர் இசைமரபின் ஒலியமைதியைத் தீர்மானித்தது எனலாம்.

இதன் இசையிலக்கணம் நம் மரபறிவுக்கு எட்டாததன்று. இவ்விசையின் அடிப்படை அலகு ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் ஒருசேர ஒலிப்பதாகும். தமிழிசையில் குரல், இளி எனப்படுவனவும், தம்புரா இடையறாது மீட்டுவனவும் இவ்விரு சுரங்களே. காந்தாரம் இடம்பெறாமையால் இவ்வலகை மேலைநாட்டு முறைப்படி மகிழ்ச்சிக்குரியது என்றோ சோகத்திற்குரியது என்றோ வகைப்படுத்த இயலாது. அதன்மேல் மின்னியல் வழியாக ஏற்றப்படும் ஒலித்திரிபு அதனை இறுகச் செய்கிறது. அச்சவுணர்வைத் தூண்டப் பிளாக் சபாத் குழு தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலில் பயன்படுத்திய இடைவெளி, நாம் பிரதி மத்தியமம் என்று அழைப்பதற்கு நிகரானது. மெட்டல் இசையில் மிகுதியாகக் கையாளப்படும் பிரீஜியன் சுரவரிசை நம் அனுமத்தோடிக்கு ஒத்தது. ஆயினும் கமகமின்றி ஒலிக்கும்போது அது சுரவரிசையாக நிற்குமேயன்றித் தோடி இராகமாகிவிடாது. இந்திய இசையையும் மெட்டலையும் இணைப்பதாகக் கூறும் எம்முயற்சியையும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மதிப்பிட வேண்டும்.

ருத்ராவின் வரலாறு

ருத்ரா 1992இல் தோன்றியது. பாடகரும் அடித்தொனிக் கித்தார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் கலைஞரான சிவா ஆகிய இருவரும் தொடக்கந்தொட்டு அதன் தூண்களாக விளங்குகின்றனர். குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பு 1998இல் வெளிவந்தது. ‘தி ஆரியன் குருசேட்’ 2001இலும், ‘குருக்ஷேத்ரா’ 2003இலும் அதனைத் தொடர்ந்தன. பின்னர் ‘பிரம்மவித்யா’ என்னும் பொதுத்தலைப்பில் மூன்று தொகுப்புகள் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ‘ருதா’ 2013இலும், ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’ 2016இலும், ‘எய்ட் மகாவித்யாஸ்’ 2022இலும் வெளியாயின.

தலைப்புகளே குழுவின் சிந்தனைப் போக்கைக் காட்டுகின்றன. போர்க்களத்தில் தொடங்கி, பிரம்மத்தை அறியும் வித்தைக்கு நகர்ந்து, இருமையை மறுக்கும் அத்வைதத்தைத் தொட்டுச் சாக்தத்தின் மகாவித்தைகளை அடைந்துள்ளது அப்பயணம். டெத் மெட்டல் என்னும் கடுமையான பிரிவைச் சார்ந்த இக்குழு தன் இசையை ‘வேத மெட்டல்’ எனக் குறிப்பிடுகிறது. இதனையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் இணைத்து, யூஜின் தைரியநாதன் 2009இல் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளியிட்டார். தமிழ்வழி நின்று எழுப்ப வேண்டிய வினாக்கள் இன்னும் எஞ்சியுள்ளன.

மூலமும் உரையும்

ருத்ராவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றினூடே வடமொழி மந்திரங்கள் இடம்பெறுகின்றன. டெத் மெட்டலுக்குரிய உறுமற் குரலில் சொற்கள் தம் வடிவிழந்து ஒலியாகக் கரைந்துவிடுகின்றன. மந்திரமோ எழுத்தும் மாத்திரையும் பிழையாது ஒலிக்கப்பட வேண்டியது. ஒன்று சொல்லைச் சிதைப்பது. மற்றொன்று சொல்லைக் காப்பது. முரண்பட்ட இவ்விரண்டும் ஒரே பாடலில் எவ்வாறு பொருந்துகின்றன?

நம் உரைமரபு இதற்கு விளக்கம் தருவதாகக் கருதுகிறோம். மந்திரம் மூலமாக நிற்க, ஆங்கிலப் பகுதி அதற்கு உரையாக அமைகிறது. உறுமற் குரலில் கேட்டு உணர இயலாத உரையை அச்சிட்ட பாடல்வரிகளின் துணைகொண்டே அறிய வேண்டியுள்ளது. கேட்பவன் படிப்பவனாகவும் மாறுகிறான். மெட்டல் இரசிகன் உபநிடதக் கருத்தொன்றைத் தேடிப் படிக்க நேர்வது இதன் பயன். மந்திரத்தை வெறும் அலங்காரமாக ஒட்டவைக்கும் குழுக்களிலிருந்து ருத்ரா வேறுபடுவது இவ்விடத்தில்தான். மேலும், ‘இதுவன்று, இதுவன்று’ என ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும் உபநிடத முறைக்கும், இனிமையையும் மென்மையையும் மறுத்துக்கொண்டே செல்லும் டெத் மெட்டலின் போக்குக்கும் உள்ளார்ந்த ஒற்றுமை உண்டு. உருவமும் உள்ளடக்கமும் இங்கு இயைந்துள்ளன.

வெகுளியின் இடம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியைக் கூறுகிறது. அது பிறக்கும் களங்கள் நான்கு: உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொலை. நான்குமே ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும் தீங்குகள். எனவே தொல்காப்பியர் நோக்கில் வெகுளி ஒரு குணக்கேடன்று. அநீதிக்கு எழும் எதிர்வினை. ஐயோமியின் சிதைந்த விரல்களும், போரை எதிர்த்துப் பிளாக் சபாத் பாடிய பாடலும் இவ்வரையறைக்குள் அடங்குவன.

ருத்ராவின் வெகுளி யாரை நோக்கியது? யசுர்வேதத்தின் உருத்திரத் துதி, உருத்திரனின் சினத்தை வணங்கியே தொடங்குகிறது. சினம் வழிபாட்டுக்குரியதாகும் அம்மரபைப் பெயரிலேயே ஏற்ற இக்குழு, அச்சினத்தை அவித்தை எனப்படும் அறியாமையின்மீது திருப்புகிறது. பகைவன் வெளியில் இல்லை. ‘நான்’ எனும் மயக்கமே பகை. மெட்டல் இசையின் ஆவேசத்திற்கு இத்தகைய மெய்யியல் ஆழம் கிடைத்தது சிறப்பே.

ஆனால் இப்பேற்றுக்கு ஓர் இழப்பும் ஈடாகியுள்ளது. வெகுளி அகத்தை நோக்கித் திரும்பியபோது, தெருவிலிருந்தும் விலகிவிட்டது. புலம்பெயர்ந்து வந்த தமிழரின் உழைப்பு, இழப்பு, சாதியின் தொடர்ச்சி, சிறுபான்மை வாழ்வின் நெருக்கடி ஆகியவை இக்குழுவின் மையப்பொருளாகவில்லை. ‘ஆரியன்’ என்னும் தலைப்புச் சொல்லை நோக்குவோம். வடமொழியில் அதற்கு ‘மேன்மையுடையோன்’ என்பது பொருள். ஐரோப்பிய இனவெறியாளர் கைப்பற்றிய சொல்லை அதன் மூலப்பொருளில் மீட்பதாக அத்தலைப்பைப் படிக்கலாம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமூகத்தில் அச்சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. திராவிட இயக்கத்தின் தாக்கம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆழமாக வேரூன்றியது. தமிழர் தோற்றுவித்த ஒரு குழுவின் தொகுப்பு இவ்வரலாற்றை எதிர்கொள்ளாது கடந்து செல்வதைக் குறையாகவே கொள்ள வேண்டியுள்ளது.

தமிழ் ஏன் ஒலிக்கவில்லை?

மலேசியத் தமிழ் இளையோர் சொல்லிசையைத் தமிழாக்கிவிட்டனர். யோகி பி–நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வெளிவந்து தமிழகத்திலும் வரவேற்புப் பெற்றது. சொல்லிசைக்கு அடிப்படை சொல். எதுகையும் மோனையும் தமிழுக்கு இயல்பானவை. எனவே அங்குத் தமிழ் எளிதில் பொருந்தியது. மெட்டலில் சொல்லைவிட ஒலி முந்துவதால், ஒலிக்கே ஆற்றலுண்டு என நம்பப்படும் மந்திரமொழியை ருத்ரா நாடியது எனக் கொள்ளலாம்.

ஆனால் ஒலியாற்றல் தமிழுக்கு இல்லையா? தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. வல்லெழுத்து மிக்கு வரும் வல்லிசை வண்ணமும், அராகம் தொடுக்கும் உருட்டு வண்ணமும், அடி கடந்தோடும் முடுகு வண்ணமும் அவற்றுள் அடங்கும். மந்திரத்திற்கும் நிறைமொழி மாந்தரின் ஆணையிற் பிறப்பது என அந்நூலே வரையறை தருகிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் சந்தத்தின் வேகத்தில் கூத்தாடுகின்றன. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் எனவே அழைத்துக்கொண்டு, சுடுகாட்டு நடனத்தைச் சுரங்களின் பெயர்களோடும் தோற்கருவிகளின் பெயர்களோடும் பாடினார். மெட்டல் இசை நாடும் அச்சமும் ஆவேசமும் இங்கு முன்பே உள்ளன.

இவற்றினும் மேலாகச் சிவவாக்கியரைக் குறிப்பிட வேண்டும். புறச்சடங்கையும் சாதி வேற்றுமையையும் சாடிய அவரது பாடல்களிலேயே உள்ளே உறையும் ஒன்றைக் காணும் தேடலும் அமைந்துள்ளது. சமூகத்தின்மீதான வெகுளியும் அறியாமையின்மீதான வெகுளியும் அவரிடம் பிரிக்க இயலாதவை. ருத்ராவின் கலையில் பிரிந்து நிற்கும் இவ்விரண்டும் சித்தர் பாடலில் முன்பே இணைந்துவிட்டன.

முடிவுரை

ருத்ரா தன் கலையில் நேர்மையோடும் விடாமுயற்சியோடும் இயங்கிய குழு. உருவத்தையும் மெய்யியலையும் இணைத்ததில் அதன் வெற்றி மறுக்க இயலாதது. அதில் தமிழ் ஒலிக்காமைக்கு அக்குழுவை மட்டும் பொறுப்பாக்குவதும் முறையாகாது. வண்ணத்தைத் தேர்வுக்குரிய பட்டியலாகவும், வெகுளியை நூற்பாவின் ஒரு சொல்லாகவும், சித்தர் பாடலைப் பொருள்கூறிக் கடக்கும் பகுதியாகவும் நாம் கற்பித்து வந்தோமெனில், அவை ஓசையும் சினமும் உடையவை என்பதை நம் மாணவர் எவ்வாறு அறிவர்?

செந்தூலில் உருமி பழகும் மாணவனின் கை, முடுகு வண்ணத்தின் ஓட்டத்தை நூற்பா அறியாமலே அறிந்திருக்கிறது. அவன் கையிலுள்ள தாளத்திற்கும் வகுப்பறையிலுள்ள நூற்பாவிற்கும் தொடர்பை ஏற்படுத்துவது நம் கடமை. அதனைச் செய்தோமாயின், ருத்ராவுக்கு அடுத்து வரும் குழு தனக்குரிய மூலத்தைத் தமிழிலும் தேடக்கூடும்.