ஆய்வேடுகளும் பிழைவழிச் சான்றும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் அறிந்த முறையொன்று உண்டு. இரு சுவடிகள் நல்ல பாடத்தில் ஒத்திருத்தல் அவற்றின் உறவுக்குச் சான்றாகாது. மூலம் ஒன்றாதலின் அவை ஒத்தே தீரும். ஒரே இடத்தில் ஒரே பிழையை இரண்டும் கொண்டிருப்பின், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதென்றோ, இரண்டும் பிழையுடைய வேறொரு சுவடியினின்று பிறந்தன என்றோ துணியலாம். இம்முறையை நம் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டத்திற்கு ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகளுக்கும் பொருத்திப் பார்க்கவேண்டிய நிலை வந்துற்றது.

சங்ககாலக் கல்வியைப் பற்றிய ஆய்வேடுகள் மூன்றினை ஒருசேரப் பயிலும் வாய்ப்பு அண்மையில் எமக்கு நேர்ந்தது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியின் சிறப்பைக் கூறும் புறப்பாட்டின் எண் 183. முதல் ஏட்டில் அது 138 என மாறி அமைந்திருந்தது. தட்டச்சில் எவர்க்கும் நேரக்கூடிய பிழை அது. ஆனால் வேறொரு பல்கலைக்கழகத்தில், சில ஆண்டுகள் கழித்து எழுதப்பெற்ற இரண்டாம் ஏட்டிலும் அதே பாட்டிற்கு அதே 138. மூன்றாம் ஏடோ ஒருபடி மேற்சென்று, நெடுஞ்செழியன் பாட்டை மருதன் இளநாகனார்க்கே உரியதாக்கிவிட்டது. 138ஆம் பாட்டு அப்புலவர் நாஞ்சில் வள்ளுவனைப் பாடியதாகும். பாட்டைப் பாராது எண்ணை மட்டும் கொண்டு புலவர் அட்டவணையைப் புரட்டியதன் விளைவு இது. பொருள் அறியாது திருத்த முற்பட்ட ஏடெழுதுவோனும் இவ்வாறே செய்வான்.

இவற்றுள் இரண்டாம் ஏட்டிற்குப் புறத்தேர்வாளராக இருந்து மதிப்பீட்டறிக்கை எழுதியவர் யாமே. ஆய்வாளரின் மூலநூற் பயிற்சி பாராட்டற்குரியது என அதில் எழுதியிருந்தோம். முன்னுரையையும் முடிவுரையையும் இடையே ஓரியலையும் படித்தோம், எண்களைச் சரிபார்த்திலோம். ஆதலின் ஈண்டுக் கூறும் குறையில் எமக்கும் பங்குண்டு.

மூன்றாம் ஏட்டின் இறுதியில், ஒப்புமை நூற்றுக்கு ஏழே எனக் கணிப்பொறி தந்த சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருப்பின் தண்டனை இல்லை. நாற்பது வரை ஆறு திங்களுக்குள் திருத்தித் தரல் வேண்டும். அறுபது வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேற்படின் பதிவே நீக்கப்படும். பொதுவறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரை கணக்கில் சேரா. சீரும் சொல்லும் ஒன்றல்ல எனினும், குறட்பா இரண்டிற்குச் சீர் பதினான்கு என்பதை நினைக்க. வேற்றுமையும் காலமும் இடமும் ஒரு சொல்லிலேயே அடங்கும் தமிழில் இவ்வளவு பெரிதாம். மேலும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளும், படமாக மட்டும் சேமிக்கப்பட்டனவும் அக்கருவிக்குத் தமிழாகவே தோன்றா. ஒருங்குறிக்கு மாற்றி, சொல்லைச் சற்றே புரட்டியவன் தப்புவான்.

நிற்க. வழிநூலைத் தொல்காப்பியமே ஏற்றதன்றோ, முன்னோர் கூறியதைக் கூறுதல் நம் மரபன்றோ என வினவுவார் உளர். அற்றன்று. வழிநூல் முதனூலின் முடிபை ஏற்பினும், பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறவேண்டும் என்பது நன்னூலார் கருத்து. சிறப்புப்பாயிரம் உரைக்கவேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது ‘வழி’யே. எங்கிருந்து பெற்றான் என்பதை நூலின் வாயிலிலேயே கூறவேண்டுமென விதித்த மரபு, களவுக்கு நிழல் தராது. உ. வே. சாமிநாதையர் தமக்குச் சுவடி உதவியோரை முகவுரைகளிற் பெயர் சுட்டி நன்றி கூறியதும் இம்மரபின்பாற்பட்டதே.

இந்நிலைக்குக் காரணம் பலவாயினும், எண்ணிக்கையே தகுதியென்னும் எண்ணம் அவற்றுள் முதன்மையானது. 2010ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியர் பணியுயர்வுக்குக் கட்டுரைதோறும் புள்ளி வகுத்தன. ஆய்வேடு அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருத்தல் 2009இலேயே கட்டாயமாகியிருந்தது. பணம் பெற்று எதனையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018 மே திங்களில் மானியக் குழு தன் பட்டியலினின்று 4,305 இதழ்களை ஒருங்கே நீக்க நேர்ந்தது. கட்டுரைக் கட்டாயம் 2022இல் கைவிடப்பட்டது. அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. மாணவரை மட்டும் பழித்தல் முறையன்று. நெறியாளர் படியாது ஒப்பமிட, தேர்வாளர் படியாது பாராட்ட, வாய்மொழித் தேர்வில் ஒருவரும் நூலைத் திறவாதிருக்க, மாணவன் எவர்க்காக மூலத்தைப் பார்ப்பான்?

இரண்டாம் ஏட்டிற் கண்ட பிழையையும் எம் அறிக்கையின் குறையையும் உரிய பல்கலைக்கழகத்திற்கு எழுதினோம். மறுமொழி இதுகாறும் வந்திலது. அதன்பின் எம்மிடம் மதிப்பீட்டிற்கு வந்த ஆய்வேட்டில் மேற்கோள்கள் இருபதைத் தெரிந்தெடுத்து மூலநூல்களோடு ஒப்பிட்டோம். பதினாறு சரியாக இருந்தன. நான்கில் எண்ணோ அடியோ பிழைபட்டிருந்தது. அவ்வட்டவணையை அறிக்கையோடு தனித்தாளாக இணைத்தே அனுப்பவேண்டியதாயிற்று. படிவத்தில் அதற்கென இடமில்லை.