துரையை இட்டாந்தவங்க எங்கே? – ஒரு சபை மலரை முன்வைத்து

எங்கள் சபையின் 125ஆம் ஆண்டு மலர் என் முன்னால் கிடக்கிறது. 88 பக்கம். வழவழ அட்டையில் எங்கள் சின்னக் கோயில். அதற்குமேல் ஒரு வானவில்லைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் 22 பக்கம் வாழ்த்துரை. பேராயர், சேகரத் தலைவர், எம்.எல்.ஏ., கடைசியாகச் செங்கல் சூளை முதலாளி. நம்ம சனம் அந்தச் சூளையில்தான் கல் அறுக்குது. வாழ்த்துரையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சேரி. ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது மெத்தடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன்களும் மற்றவர்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து எங்களுடையது சி.எஸ்.ஐ. கோயில். அதற்கு முன் வெஸ்லியன் மெத்தடிஸ்டு மிஷன். எங்க ஆயாவுக்குக் கடைசி வரைக்கும் அது 'வெசிலியன் கோயிலு'தான்.

மலரில் 'சபையின் வரலாறு' என்று 19 பக்கக் கட்டுரை இருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எனக்குப் பெரியப்பா முறை. அவர்மேல் கோபமில்லை. அவர் கைக்கு வந்து சேர்ந்த மொழிமேல்தான் கோபம். 'துரையவர்கள் இக்கிராமத்தைச் சந்தித்தார்.' 'மிஷனரிமார் பள்ளியைத் தந்தனர்.' 'இருளிலிருந்த ஜனங்கள் மீட்கப்பட்டனர்.' தமிழ் எம்.ஏ. படித்த புத்தி போகாது. எங்கள் சனம் எழுவாயாக வருகிற வாக்கியங்களை எண்ணிப் பார்த்தேன். நாலே நாலு. குடித்தார்கள். பேய்மேளம் அடித்தார்கள். கஞ்சித்தொட்டிக்கு வந்தார்கள். நாலாவது, 'நன்றியறிதலோடு நினைவுகூர்கிறார்கள்'. மற்ற இடத்தில் எல்லாம் நாம் செயப்படுபொருள்.

ஆயா சொன்ன கதை வேற. "துரை எங்கடா தானா வந்தான்? நம்ம ஆளுங்க நாலு பேரு போயி இட்டாந்தாங்க. ரெண்டு வாட்டி வெறுங்கையா திரும்பி வந்தாங்க. மூணாவது வாட்டிதான் உபதேசியார அனுப்பிச்சான்." இது ஆயாவுக்கு அவர் மாமியார் சொன்னது. வேதம் கேட்கப் போனார்கள் என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. "அறுப்புக் கூலில தகராறு. பண்ணைக்காரரு கூரையப் பிரிச்சிப் போட்டாரு. குந்த எடமில்ல. கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்க ஒரு ஆளு வோணும், புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வோணும்." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "சாமியும் வோணுந்தான், ஏன் வோணாம்?" என்பார்.

கிழவி கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிந்திய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றிய ஆவணங்களில் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1843லேயே எழுதியாகிவிட்டது. ஆனால் படியாள் படியாளாகவே இருந்தான். ஏன்? மிராசு என்பது வயல் மட்டுமில்லை. சேரியில் நாம் குடிசை போட்டிருந்த நத்தமும் தன்னுடையது என்று மிராசுதார் உரிமை கொண்டாடினார். கூலி கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், வேற ஊருக்குப் போகப் பார்த்தால், முதலில் போவது தலைக்குமேல் இருக்கிற கூரை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதின அறிக்கையில் குடியிருப்பு மனை, தரிசு நிலம், பள்ளிக்கூடம் மூன்றையும் பற்றிப் பேசினார். 1892 செப்டம்பர் 30 அரசாணை அதிலிருந்துதான் வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. திருவள்ளூரை ஒட்டிய இக்காட்டிலிருந்து வேலை செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி 1894இல் ஹார்வெஸ்ட் ஃபீல்டு என்ற மிஷனரி இதழில் பறையரும் நிலமும் என்ற பொருளிலேயே ஒரு கட்டுரை எழுதினார். மலரில் கௌடி பக்கத்துச் சேகரத்துப் பெரிய துரையாக ஒரு வரியில் வருகிறார். நிலத்தைப் பற்றி அவர் எழுதியது வரவில்லை. அரசாணை வரவில்லை. டிரெமன்ஹீர் பேரே இல்லை. கோயில் மனை பற்றி மட்டும் 'தேவன் ஆச்சரியமாய் அருளிய இடம்' என்று இருக்கிறது. கிரயப் பத்திரம் பேராயத்து அலுவலகத்தில் இருக்குமே, பெரியப்பா!

ரூபா விஸ்வநாத் 2014இல் 'த பறையா ப்ராப்ளம்' என்ற ஆங்கில நூலில் இந்தக் கால ஆவணங்களை, மிஷன் கடிதங்கள் உட்பட, புரட்டிப் பார்த்துச் சொல்வது ஆயா சொன்னதுதான்: பெரும்பாலும் மிஷனரி சேரியைத் தேடி வரவில்லை, சேரி மிஷனரியைத் தேடிப் போனது. தேடிப் போனவர்களை மிஷனரிகள் உடனே கட்டிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. சோத்துக்கு வர்றானா, கேஸுக்கு வர்றானா, ஆத்துமாவுக்கு வர்றானா என்று சந்தேகம். மெத்தடிஸ்டு கணக்கில் உறுப்பினர் என்று ஒரு கட்டம், 'பரீட்சையில் இருப்போர்' என்று இன்னொரு கட்டம். நம் முப்பாட்டன்மார் அந்த இரண்டாவது கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வயிற்றுப்பசியோடு வருகிறவனுக்கு ஆன்மிகம் கிடையாது என்று முடிவு கட்டுவதில் மிஷனரிக்கும் மிராசுதாருக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. 1936இல் காந்தி, தன்னைப் பார்க்க வந்த ஜான் மாட்டிடம், ஹரிசனங்களுக்குச் சுவிசேஷம் சொல்வது பசுவுக்குச் சொல்வது போல என்கிற மாதிரிப் பேசினார். மாட்டும் மெத்தடிஸ்டுதான். பசுவைக் கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பேய்மேளத்துக்கு வருகிறேன். 'ஞானஸ்நானம் பெற்றவர்கள் பேய்மேளத்தை விட்டொழித்தனர்' என்று மலர் பெருமைப்படுகிறது. பறை நம் கலை, நம் அடையாளம் என்று மேடையில் அடித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். இந்த வரியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஆயா சொன்ன இன்னொரு சங்கதியும் நினைவுக்கு வருகிறது. ஊரில் சாவு விழுந்தால் ராத்திரியோ மழையோ, கூப்பிட்ட நேரத்துக்குப் போய் அடிக்க வேண்டும். கூலி கேட்க முடியாது, அது 'கடமை'. "நாங்க இப்ப வேதக்காரங்க, மோளம் அடிக்க மாட்டம்" என்று சொல்லத்தான் முதன்முதலாகச் சேரிக்கு வாய் வந்தது. அது கலையை விட்டதா, ஊழியத்தை மறுத்ததா? ரெண்டும்தான். இழந்ததை இழப்பு என்றும், மறுத்ததை மறுப்பு என்றும் எழுத வேண்டும். மலரோ மறுத்தவனின் துணிச்சலைத் துரையின் போதனைக்கு வரவு வைக்கிறது. நம் மேடைகளும் அந்த மறுப்பைக் கண்டுகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெத்தடிஸ்டு சபைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு: கிளாசு. பத்துப் பதினைந்து பேர், ஒரு தலைவர், வாரா வாரம் கூட்டம், கொஞ்சம் காசு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சின்ன டிக்கெட்டு. ஊரில் சேரி ஆளுக்குப் பேரே கிடையாது. இன்னாருடைய ஆள், அவ்வளவுதான். அங்கே பேர் எழுதின சீட்டு ஒன்று கையில் கிடைத்தது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆயாவின் மாமியார் அதைச் சுருக்குப் பையில் வைத்திருந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எது தன் பேர் என்று தெரியும். மலரில் கிளாசு பற்றி ஒரு சொல் இல்லை. கோயிலுக்குக் கல் சுமந்த பெண்களைப் பற்றியும் இல்லை. மூலைக்கல் நாட்டியவர் பேர் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு மௌனம் நம்முடையது. சேரிக்குத் தெற்கே அருந்ததியர் தெரு. கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். 125 வருஷத்தில் அந்தத் தெருவிலிருந்து ஒரு குடும்பமும் இந்தச் சபையில் இல்லை. துரை அவர்களைக் கூப்பிடவில்லை என்று பழிபோட்டுவிடலாம்; துரை போயே முக்கால் நூற்றாண்டு ஆகிறது. இதைக் கேட்டதற்குப் பெரியப்பா, "அவுங்க வரலப்பா" என்றார். நம்மைப் பற்றி ஊர்க்காரன் சொல்வதும் இப்படித்தான்.

1994 அக்டோபர் 10இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். ஒரு வேதக்காரப் பேர், ஒரு இந்துப் பேர். ஒரே நிலம், ஒரே துப்பாக்கி. நிலத்தையும் சபையையும் பிரித்து எழுதுகிற வரலாறு இந்த இரண்டு பேரையும் எந்தப் பக்கத்தில் சேர்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, நான் தவறாகக் கோபப்பட்ட இடம். மலரில் ஆயர்மார் படம் இருக்கிறது, கமிட்டியார் படம் இருக்கிறது. சபையார் படம் இல்லை. குடும்பப் பட்டியலும் இல்லை. 'குடும்பங்கள்: 43' என்று ஒரே ஒரு எண். மிஷன் கணக்கில் எண்ணாக இருந்தோம், இப்போதும் எண்தானா என்று மலர்க் குழுவில் இருந்த அண்ணன் ஒருவரிடம் சண்டைக்கே போனேன். அவர் சத்தம் போடவில்லை. "படம் எடுக்க ஆள் வெச்சோம்பா. 43ல 31 வீடு வேணாம்னு சொல்லிடுச்சி. உன் வீடும் அதுல ஒண்ணு. நைனாவக் கேளு" என்றார்.

கேட்டேன். என் தங்கை சாதிச் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்'. வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆலய மலரில் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டு படம் வந்தால், அதை எடுத்துக்கொண்டு போய் மனு கொடுக்க ஊரில் ஆளா இல்லை?

1950 ஆணையைத்தான் நாம் வழக்கமாகத் திட்டுகிறோம். இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது அது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. ஆனால் கதவு அதற்கும் முன்பே சாத்தியாகிவிட்டது. 1936இல் வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட பட்டியல் சாதி ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவன் எவனும் பட்டியலில் வரமாட்டான் என்று எழுதியிருக்கிறது. நம்மைப் பரீட்சையில் வைத்த அதே சாம்ராஜ்யம். தமிழ்நாட்டில் மதம் மாறிய நம் சனத்தைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணி பட்டதும் சேரி ஊர்த்தெருவுக்கு நகர்ந்துவிட்டதா என்ன? வீட்டில் சிலுவை மாட்டியிருப்பதாலோ கோயிலுக்குப் போவதாலோ மதம் மாறியதாக ஆகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. அந்த வழக்கில் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் சாட்சியாக நின்றது.

ஆக, ஆயர் வீட்டு அலமாரியில் இருக்கிற ஞானஸ்நானப் பதிவேடு ரெண்டு வேலை பார்க்கிறது. நம் பாட்டன் பூட்டன் பேர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அது. இங்கே ஒரு தலித் வரலாறு எழுத வேண்டும் என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். அதைத் திறந்து அச்சில் போட்டால் தங்கச்சிக்கு வேலை போகும். துரைக்கு நன்றியும் எம்.எல்.ஏ.வுக்கு வரவேற்பும் எழுத ஆபத்து ஒன்றும் இல்லை. சபையை எழுதத்தான் ஆபத்து. மலரின் வெறுமையில் பாதி பெரியப்பாவின் மொழி செய்தது; மறுபாதியைச் சட்டம் செய்தது. முதல் பாதியை மட்டும் பார்த்து நான் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

நாலு பேர் போய்த் துரையை இட்டு வந்தார்கள் என்று ஆயா சொல்லும்போது அந்த நாலு பேரின் பேரையும் சொல்வார். என் போனில் அது பதிவாகி இருக்கிறது, ஆயா குரலில். அந்த நாலு வீட்டு வாரிசுகளும் இன்றைக்குச் சேரியில் இருக்கிறார்கள். கட்டுரை எழுதுகிறேன் என்று மலர்க் குழு அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுது. நாலு பேரு போனாங்கன்னு எழுது. பேரு மட்டும் போடாத" என்றார்.