ஊதா இலைக்கு வெயில்தான் வண்ணம்

பினாங்கின் பிறை வட்டாரத்தில் வீட்டு வாசல், அடுக்குமாடி நடைவழி, சாலை நடுவே உள்ள மண்திட்டு என்று பல இடங்களில் ஊதா நிறச் செடி ஒன்று படர்ந்து கிடப்பதைக் காணலாம். நர்சரியில் ‘பர்ப்பிள் ஹார்ட்’ என்பார்கள். தாவரவியல் பெயர் டிரடெஸ்கான்ஷியா பாலிடா, பூர்வீகம் மெக்சிகோ. எங்கும் கிடைப்பதாலேயே இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில், சூரியன் செடிக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். உச்சி வெயிலில் கறுத்துத் தெரியும் அதே இலை, ஒளி ஊடுருவும்போது ஒயின் சிவப்பாக மின்னும். மெல்லிய ரோமங்கள் இலையின் ஓரத்தில் வெள்ளியாகப் பளிச்சிடும்.

பிறகு, முதிர்ந்த இலை ஒன்றைக் கிள்ளி, குறுக்கே ஒடித்து, அடிப்பக்கத் தோலை மெதுவாக உரித்துப் பாருங்கள். விரலோடு வருவது ஊதா ஏடு. உரிந்த இடத்தில் தெரிவது பச்சை! மற்ற செடிகளைப் போல இதுவும் பச்சையத்தைக் கொண்டுதான் உணவு தயாரிக்கிறது. தோல் செல்களில் நிறைந்திருக்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமி அந்தப் பச்சையை மூடியிருக்கிறது. கத்தரிக்காய்த் தோலில் இருப்பதும் இதே வகை நிறமிதான். வெயில் படப்பட இலையில் அது கூடும். நிழலில் வைத்தால் இலை சாம்பல் பச்சையாக வெளுக்கும். தண்டு வெயிலைத் தேடி நீண்டு மெலியும். நிறம் மங்கிய செடிக்கு உரம் வாங்கி ஓடுபவர்கள் அதிகம். முதலில் சாடியை நகர்த்தி வையுங்கள். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் நேர் வெயில் வேண்டும்.

நம் பக்கத்து ஜனவரி, பிப்ரவரி வறட்சியை இது தாங்கிக்கொள்ளும். அக்டோபர் மழைதான் ஆபத்து. தண்ணீர் தேங்கினால் தண்டு அடியிலிருந்து அழுகும். மண்ணோடு மணல் கலந்து, சாடியின் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். நீண்டு தொங்கும் நுனிகளைக் கிள்ளி அதே சாடியில் ஊன்றினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும், சாடியும் அடர்த்தியாகும். சாறு சிலருக்கு அரிக்கும், கை கழுவிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பூ சிறியது, மூன்றே இதழ், இளஞ்சிவப்பு. ஒரு நாள்கூட நிற்காது. அதனால் காலையிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடியோடு போய்விடுங்கள். மகரந்தக் காம்புகளைச் சுற்றியுள்ள ரோமம் ஒவ்வொன்றும் மணி கோத்த சரமாகத் தெரியும். ஒரு மணி, ஒரு செல். அரும்புக்குள் இன்னொரு அதிசயம் இருக்கிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் காற்று மாசை ஆராய இந்தச் செடியையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இளம் மொட்டில், மகரந்தம் உருவாகும் செல்களில் மரபுப்பொருள் சிதைந்து தோன்றும் நுண்கருக்களை எண்ணுவார்கள். மாசு கூடினால் எண்ணிக்கையும் கூடும். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது சாதாரணச் செய்தியல்ல. பிறையின் பள்ளி மாணவர்கள் இப்படியொரு ஆய்வைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

லாரிகள் ஓடும் சாலையோரம் சாடி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது, காலை நேரத்தில், இலைகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். தூசு மூடிய இலையில் ஒளி ஊடுருவாது.